ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு விழுக்காடு

கிள்ளானில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் இருக்கிறது நான் பயிற்சிக்குப் போகும் உடற்பயிற்சிக்கூடம். குளிர்சாதன வசதி கிடையாது. இரண்டு சுவர்க் காற்றாடி, நான்கு கம்பி, துரு ஏறிய இரும்புத் தட்டுகள், அவ்வளவுதான். பள்ளி விடுமுறையின்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு சின்னப் போட்டி வைத்தோம். கலந்துகொண்டவர்கள் ஒன்பது பேர். பரிசு என்று எதுவும் இல்லை. போட்டி முடிந்ததும் கீழே உள்ள கடையில் எல்லாருக்கும் ரொட்டி சானாய், தே தாரிக் என்று மட்டும் பேச்சு.

நான் இடைநிலைப்பள்ளியில் கணிதம் கற்பிப்பவன். அதனால் கணக்கு எழுதும் வேலையோடு நடுவர் வேலையும் என் தலையில் விழுந்தது.

கடைசியில் போட்டி இரண்டு பேருக்கு இடையிலானதாக மாறியது. ஒருவர் 63 வயதுப் பெரியவர். முப்பது ஆண்டுக்கு மேல் லோரி ஓட்டிவிட்டுப் பணி ஓய்வு பெற்றவர். மற்றவன் ஆறாம் படிவ மாணவன், 19 வயது. இருவருக்கும் உடல் எடை ஏறக்குறைய ஒன்றுதான். தம்பி இரண்டு தூக்கல்களிலும் சேர்த்து 215 கிலோ தூக்கி முடித்துவிட்டான். பெரியவர் கையில் இன்னும் ஒரு முயற்சி இருந்தது. அது 90 கிலோ. அதை அவர் தூக்கிவிட்டால், வயதுக்குரிய விழுக்காட்டைச் சேர்த்து, அவர்தான் வெற்றியாளர்.

அவர் தூக்கினார். கம்பி முழங்கை மடிப்பில் ஏறியது, முட்டி நிமிர்ந்தது, கூடமே கைதட்டியது. ஆனால் நான் "இறக்கலாம்" என்று சொல்வதற்கு முன்பே அவர் கம்பியைக் கீழே விட்டுவிட்டார். கம்பி அசையாமல் நின்ற பிறகு நடுவர் குரல் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் இறக்க வேண்டும். இது எங்கள் விதி. போட்டிக்கு முன் அதை எல்லாருக்கும் வாசித்தும் காட்டியிருந்தேன்.

"செல்லாது, அண்ணே" என்றேன்.

கைதட்டல் நின்றுபோனது. அவர் என்னைப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். ரொட்டி சானாய் சாப்பிடவும் அவர் வரவில்லை.

அந்தப் போட்டியைப் பற்றி இங்கே எழுதக் காரணம், அதன் பிறகு எங்களுக்குள் எழுந்த மூன்று கேள்விகள். விதி இத்தனை பிடிவாதமாக இருக்கலாமா? வயதுக்கு மதிப்பெண் கொடுப்பது நியாயமா? 'சாதனை' என்ற சொல்லை எப்போது பயன்படுத்தலாம்? பரிசே இல்லாத ஒரு போட்டியில் எழுந்த கேள்விகள் என்றாலும், தேர்வு எழுதும் மாணவர்களுக்கும் அவை பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

ஒலிம்பிக்கில் இல்லாத தூக்கல்கள்

பளுதூக்குதல் என்றதும் நம் நினைவுக்கு வருவது ஒலிம்பிக்கில் பார்க்கும் இரண்டு தூக்கல்கள். ஒரே இழுப்பில் தலைக்கு மேல் கொண்டுபோகும் ஸ்னாட்ச் ஒன்று. தோளில் நிறுத்தி, பிறகு மேலே தள்ளும் கிளீன் அண்ட் ஜெர்க் மற்றொன்று. ஒரு காலத்தில் தூக்கும் முறைகள் இதைவிட மிக அதிகமாக இருந்தன.

1896இல் ஏதென்சில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் ஒரு கையால் தூக்குவது ஒரு போட்டி, இரு கையால் தூக்குவது இன்னொரு போட்டி. 1920இல் மூன்று தூக்கல்கள் இருந்தன. அவற்றில் இரண்டு ஒரு கைத் தூக்கல்கள். 1924இல் தூக்கல்கள் ஐந்தாயின. 1928இல் ஒரு கைத் தூக்கல்கள் நீக்கப்பட்டு, பிரஸ், ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் ஆகிய மூன்று மட்டும் நின்றன. 1972 மியூனிக் ஒலிம்பிக்கிற்குப் பிறகு பிரஸ் தூக்கலும் போய்விட்டது.

இப்படி மேடையை விட்டு இறக்கப்பட்ட தூக்கல்களை விட்டுவிட மனமில்லாதவர்கள் சிலர் இருந்தார்கள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அவர்கள் பழைய தூக்கல்களைத் தொடர்ந்து பயின்றார்கள். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் கொலம்பியா நகரைச் சேர்ந்த பில் கிளார்க் அவர்களில் முக்கியமானவர். பேஸ்பால் அணிகளுக்கு ஆட்டக்காரர்களைத் தேடிக் கொடுப்பதும், நாளிதழில் பத்தி எழுதுவதும் அவர் தொழில். பழைய தூக்கல்களுக்கு விதி வகுப்பதிலும், மூத்தோருக்குப் போட்டி நடத்துவதிலும் அவர் பல்லாண்டுகள் உழைத்தார். 1987இல் இரு நாட்டு ஆர்வலர்களும் சேர்ந்து அனைத்துலக ஆல்ரவுண்ட் பளுதூக்கல் சங்கத்தை அமைத்தார்கள். பண வருமானத்துக்காக அல்லாமல் விருப்பத்துக்காகத் தூக்குகிறவர்களின் விளையாட்டு இது.

இவர்களுடைய விதிப்புத்தகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தூக்கல்கள் உண்டு. பலவற்றுக்கு ஆட்களின் பெயர். செயிண்ட் லூயிஸ் நகரத்துப் பலசாலி எட் செர்ச்சர் பெயரால் செர்ச்சர் தூக்கல். கம்பியைக் கையால் பிடிக்காமல் முழங்கை மடிப்பில் தாங்கி எழுந்து நிற்பது அது. ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த மைலோ ஸ்டைன்போர்ன் பெயரால் இன்னொன்று. அதில் கம்பியை ஒரு முனையில் செங்குத்தாக நிறுத்தி, அதன் அடியில் குனிந்து, முதுகில் சாய்த்து வாங்கி, உட்கார்ந்து எழ வேண்டும். தாங்கி நிறுத்த ஸ்டாண்டு எதுவும் கிடையாது. கம்பியை இரு காலுக்கும் நடுவில் வைத்துத் தூக்குவது ஜெஃபர்சன் தூக்கல். விரல் ஒன்றால் மட்டும் தூக்குவது, கழுத்தில் வாரைக் கட்டித் தூக்குவது ஆகியவையும் உண்டு. இடுப்பிலும் தோளிலும் வாரைக் கட்டிக்கொண்டு தூக்கும் முறையில் ஆயிரம் கிலோவைத் தாண்டியவர்களும் இருக்கிறார்கள். தரையிலிருந்து சில அங்குலம் எழுந்தால் போதும் என்பதால்தான் அது முடிகிறது.

நம் முன்னோருக்கும் இது புதிதல்ல. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் இன்றும் பொங்கலையொட்டி இளவட்டக்கல் தூக்குகிறார்கள். வழவழப்பான உருண்டைக் கல், பிடிக்க இடமே இருக்காது. ஸ்காட்லாந்தின் பொட்டார்ச் என்ற ஊரில் டின்னி கற்கள் என்று இரண்டு கற்கள் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து 332 கிலோவுக்குச் சற்று மேல். டொனால்ட் டின்னி என்ற பலசாலி 1860இல் அவற்றைச் சுமந்து அங்குள்ள பாலத்தின் அகலத்தைக் கடந்ததாகச் சொல்வார்கள். கையில் கிடைத்த கனமான பொருளைத் தூக்கிப் பார்க்கும் ஆசை எல்லா ஊரிலும் இருந்திருக்கிறது. அந்த ஆசைக்கு விதியும் பதிவேடும் சேர்ந்தபோது அது போட்டியானது.

எங்கள் போட்டிக்கு இவற்றிலிருந்து இரண்டை எடுத்துக்கொண்டோம். ஒன்று, ஒரு கை டெட்லிஃப்ட். தரையில் கிடக்கும் கம்பியை ஒரே கையால் பிடித்து நிமிர்ந்து நிற்க வேண்டும். மற்ற கை கம்பியைத் தொடக்கூடாது. இன்னொன்று, செர்ச்சர் தூக்கல். ஒவ்வொன்றுக்கும் மூன்று முயற்சி. இடுப்பில் பெல்ட் அணியலாம். முட்டியில் பட்டி சுற்றக்கூடாது, மணிக்கட்டில் வார் கட்டக்கூடாது.

விதிக்கு ஏன் இத்தனை பிடிவாதம்?

பெரியவர் படியிறங்கிப் போன பிறகு முதலில் என்னிடம் வந்தது அந்த மாணவன்தான். வென்றவன் அவன். ஆனால் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

"சார், கொடுத்திருக்கலாமே. தூக்கிட்டார்தானே? அரை வினாடிதான் முந்திட்டார்."

போட்டிக்கு முதல் நாள் "வயசானவருக்கு எதுக்கு சார் எக்ஸ்ட்ரா மார்க்?" என்று முறையிட்டவனும் இவனேதான். நியாயம் என்பது வெளியிலிருந்து பார்க்கும்போது ஒன்றாகவும், ஒருவரின் முகத்தைப் பார்த்த பிறகு வேறாகவும் தெரிகிறது.

அவனுக்கு 1896ஆம் ஆண்டுக் கதையைச் சொன்னேன். அந்த ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இரு கைத் தூக்கலில் டென்மார்க்கின் விக்கோ யென்சனும் பிரிட்டனின் லான்ஸ்டன் எலியட்டும் ஒரே எடையைத் தூக்கினார்கள். இருவருக்கும் 111.5 கிலோ. தூக்கிய விதம் சீராக இருந்ததென்று யென்சனுக்கு முதலிடம் கொடுக்கப்பட்டது. பிறகு நடந்த ஒரு கைத் தூக்கலில் எலியட் 71 கிலோ தூக்கி வென்றார். ஆக, முதல் ஒலிம்பிக்கிலேயே 'எவ்வளவு தூக்கினார்' என்பதோடு 'எப்படித் தூக்கினார்' என்பதும் முடிவைத் தீர்மானித்திருக்கிறது.

பிரஸ் தூக்கலுக்கு நேர்ந்தது இதைவிட நல்ல பாடம். தோளில் இருக்கும் கம்பியைக் கால் உதவி இல்லாமல், உடலைச் சாய்க்காமல், கையால் மட்டும் மேலே தள்ள வேண்டும் என்பது விதி. காலப்போக்கில் வீரர்கள் கொஞ்சம் பின்னால் சாய்ந்தார்கள், நடுவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் சாய்ந்தார்கள், அதற்கும் விட்டுக்கொடுத்தார்கள். எடைகள் ஏறிக்கொண்டே போயின. கடைசியில், நின்றபடி செய்யும் தூக்கல் படுத்தபடி செய்வதுபோல ஆனது. எது செல்லும், எது செல்லாது என்று நடுவர்களாலேயே ஒரே மாதிரி சொல்ல முடியவில்லை. 1972க்குப் பிறகு அந்தத் தூக்கலையே எடுத்துவிட்டார்கள். இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்த ஒவ்வொரு நடுவரும் அந்தத் தூக்கலின் முடிவுக்குத் தன் பங்கைச் செலுத்தியிருக்கிறார்.

இதில் நம் வட்டாரத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1960 ரோம் ஒலிம்பிக்கில் சிங்கப்பூரின் டான் ஹோவ் லியாங் லைட்வெயிட் பிரிவில் வெள்ளிப் பதக்கம் வென்றார். சிங்கப்பூருக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அவர் தூக்கிய மொத்தம் 380 கிலோ. பிரஸ் உட்பட மூன்று தூக்கல்களின் கூட்டுத்தொகை அது. இன்றைய வீரர்கள் இரண்டு தூக்கல்கள் மட்டுமே செய்கிறார்கள். ஆகவே 380 என்ற எண்ணை இன்றைய எந்த மொத்தத்தோடும் நேரடியாக ஒப்பிட முடியாது. விதியைத் தெரிந்துகொள்ளாமல் எண்ணை மட்டும் பார்த்தால் அந்த எண் நம்மை ஏமாற்றிவிடும்.

"அண்ணன் தூக்கினார் என்பது எனக்கும் தெரியும்," என்றேன் தம்பியிடம். "ஆனால் நான் இன்றைக்கு அதைக் கொடுத்திருந்தால், அடுத்த முறை நீ முந்தி இறக்கும்போதும் கொடுக்க வேண்டும். அப்புறம் 90 என்று எழுதினால் அது எந்த 90 என்று யாருக்கும் தெரியாது."

அவன் தலையாட்டினான். ஒப்புக்கொண்டானா என்பது வேறு விஷயம். எனக்கும் அன்று இரவு தூக்கம் சரியாக வரவில்லை.

வயதுக்கு மதிப்பெண்: சலுகையா, கணக்கா?

இப்போது தம்பியின் முதல் முறையீட்டுக்கு வருவோம். வயதானவருக்கு எதற்குக் கூடுதல் மதிப்பெண்?

ஆல்ரவுண்ட் போட்டிகளில் வேறு வேறு எடையும் வயதும் உள்ளவர்கள் ஒரே மேடையில் மோதுவார்கள். உடல் எடைக்கு ஒரு சூத்திரம் உண்டு. வயதுக்கும் உண்டு. அமெரிக்கச் சங்கத்தின் முறையில் 40 வயதில் 1 விழுக்காடு, 41இல் 2 விழுக்காடு, 42இல் 3 என்று ஆண்டுக்கு ஒன்றாகக் கூட்டிக்கொண்டு போவார்கள். நாங்கள் அதையே எடுத்துக்கொண்டோம். அதன்படி 63 வயதுக்காரருக்கு 24 விழுக்காடு. இளம் வயதினருக்குச் சலுகை கொடுக்கும் முறைகளும் உண்டு. எங்கள் போட்டியில் 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் மட்டுமே என்பதால் அது தேவைப்படவில்லை.

பெரியவரின் கணக்கு இது. ஒரு கை டெட்லிஃப்ட் 85 கிலோ. செர்ச்சர் தூக்கலில் செல்லுபடியான கடைசி எடை 85 கிலோ. மொத்தம் 170. அதை 1.24ஆல் பெருக்கினால் 210.8. தம்பிக்கு 105, 110, மொத்தம் 215. அந்த 90 கிலோ செல்லுபடியாகியிருந்தால் பெரியவரின் மொத்தம் 175; பெருக்கினால் சரியாக 217. இரண்டு புள்ளியில் வென்றிருப்பார்.

"170 தூக்கினவர் 215 தூக்கினவனை ஜெயிக்கப் பார்த்தாரே, இது சலுகைதானே?" என்று தோன்றலாம். மாணவர்கள் தாங்களே போட்டுப் பார்க்கக்கூடிய ஒரு கணக்கு இருக்கிறது.

மூத்த பளுதூக்கும் வீரர்களின் போட்டி முடிவுகளை ஆராய்ந்த டேவிட் மெல்ட்சர் 1994இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். வீரர்களின் திறன் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 முதல் 1.5 விழுக்காடு வரை குறைந்துகொண்டு போகிறது என்றும், எழுபதை ஒட்டி அந்தச் சரிவு வேகமெடுக்கிறது என்றும் அவர் கண்டார். இவர்கள் எல்லாரும் பயிற்சியை நிறுத்தாதவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

39 வயதில் 100 கிலோ தூக்கிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1 விழுக்காடு குறைந்தால் 24 ஆண்டு கழித்து, அதாவது 63 வயதில், அவர் தூக்குவது 100ஐ 0.99ஆல் 24 முறை பெருக்கினால் வருவது. விடை ஏறக்குறைய 78.6. அதோடு 24 விழுக்காடு சேர்த்தால் 97.4. பழைய 100 திரும்பி வரவில்லை. சரிவு 1.5 விழுக்காடாக இருந்தால் 63 வயதில் தூக்குவது 69.6, 24 விழுக்காடு சேர்த்தாலும் 86.3தான். சேர்ப்பது 'ஆண்டுக்கு ஒன்று' என்று நேர்க்கோட்டில் ஏறுகிறது. இழப்பது பெருக்கல் முறையில் இறங்குகிறது. கூட்டு வட்டிப் பாடத்தைத் திருப்பிப் போட்டதுபோல.

ஆக, அந்த 24 விழுக்காடு காலம் எடுத்துக்கொண்டதில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது, அவ்வளவுதான். ஆனாலும் எந்தச் சூத்திரமும் எல்லாருக்கும் சரியாகப் பொருந்தாது. இளமையில் கடுமையாகப் பயிற்சி செய்து மூட்டுத் தேய்ந்தவருக்கும், ஐம்பது வயதில் முதன்முறையாகக் கம்பியைத் தொட்டவருக்கும் அதே விழுக்காடுதான். ஐம்பதில் தொடங்கியவர் முதல் சில ஆண்டுகளில் குறையவே மாட்டார், ஏறுவார்; அதோடு விழுக்காடும் அவருக்கு ஏறும். விதி சராசரியைப் பார்க்கிறது. தனி மனிதனைப் பார்க்க அதற்குக் கண் இல்லை. அதனால்தான் சூத்திரப் புள்ளியோடு, உண்மையில் தூக்கிய எடையையும் பதிவேட்டில் தனியாக எழுதுகிறார்கள்.

எனக்கு வயது 47. விதிப்படி 8 விழுக்காடு. முதன்முறை அதை என் பெயருக்கு நேரே எழுதியபோது சற்றுக் கூச்சமாகத்தான் இருந்தது. 'எனக்குமா?' என்று கேட்டுக்கொண்டேன். நாற்பதைத் தாண்டியதை என் உடம்பு முன்பே சொல்லிக்கொண்டிருந்தது. கணக்குத் தாள் சொன்னபோதுதான் நம்பினேன்.

'தேசியச் சாதனை' என்ற சான்றிதழ்

போட்டி முடிந்த மூன்றாம் நாள் தம்பி ஒரு வேண்டுகோளோடு வந்தான். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் புறப்பாட நடவடிக்கைக்கும் புள்ளி உண்டு. நம் நாட்டில் இந்த ஒரு கை டெட்லிஃப்ட்டை யாரும் போட்டியாகச் செய்ததாக அவனுக்குத் தெரியவில்லையாம். "அப்படின்னா நான் தூக்கின 105 கிலோதான் சார் தேசியச் சாதனை. ஒரு சர்ட்டிபிகேட் எழுதிக் கொடுங்களேன்."

அவன் பொய் சொல்லச் சொல்லவில்லை. அவனுடைய தர்க்கத்தில் ஒரு நியாயமும் இருக்கிறது. யாருமே ஓடாத பாதையில் முதலில் ஓடியவன்தானே முதல்வன்? அதனால்தான் பதில் சொல்லக் கடினமாக இருந்தது.

மறுபடியும் ஒரு கணக்கு. ஆல்ரவுண்ட் விளையாட்டில் 100 தூக்கல்கள் என்று வைத்துக்கொள்வோம். 15 எடைப் பிரிவுகள். ஐந்தைந்து ஆண்டாகப் பிரித்த 10 வயதுப் பிரிவுகள். ஆண், பெண் என்று இரண்டு. பெருக்கினால் 30,000 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சாதனை எழுதலாம். ஆனால் விளையாடுபவர்கள் சில நூறு பேர்தான். பெரும்பாலான கட்டங்கள் காலியாகவே கிடக்கும். காலிக் கட்டத்தில் போய் 20 கிலோ தூக்கினாலும் அது 'சாதனை' என்றே பதிவாகும்.

இந்த விளையாட்டில் இருப்பவர்களுக்கும் இது தெரியும். பென்சில்வேனியா மாநிலத்தின் ஆர்ட் மான்டினி என்ற மூத்தவர் எண்பது வயதைத் தாண்டியும் போட்டிகளில் தூக்கியவர். அவர் பெயரில் நூற்றுக்கணக்கான சாதனைகள் உண்டு. அவருடைய பிறந்தநாளையொட்டி ஆண்டுதோறும் ஒரு போட்டியே நடத்தினார்கள். அவர் வயதில் அவர் எடைப் பிரிவில் எத்தனை பேர் போட்டிக்கு வந்திருப்பார்கள் என்று கேட்கலாம். ஆனால் எண்பது வயதில் கம்பியைப் பிடிக்க வந்ததே ஒரு செய்தி அல்லவா என்றும் கேட்கலாம். இரண்டு கேள்வியும் சரியானவை. காலிக் கட்டத்தை நிரப்புகிறவர் பின்னால் வருபவர்களுக்கு ஓர் இலக்கை வைத்துவிட்டுப் போகிறார். அதன் மதிப்பு அதுதான். அதை 'இந்த நாட்டிலேயே வலிமையானவன்' என்று விரித்துச் சொல்லும்போதுதான் தவறு தொடங்குகிறது.

பெரிய அமைப்புகளிலும் சாதனைப் பட்டியல் அழியாத கல்வெட்டு அல்ல. அனைத்துலகப் பளுதூக்கும் சம்மேளனம் 1993, 1998, 2018 ஆகிய ஆண்டுகளில் எடைப் பிரிவுகளை மாற்றி அமைத்தபோது பழைய பட்டியலை மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்கியது. நேற்றைய உலகச் சாதனையாளர் மறுநாள் பழைய ஏட்டில் இருப்பார்.

சாதனை என்று எழுத என்னென்ன வேண்டும் என்று தம்பியோடு உட்கார்ந்து பட்டியல் போட்டோம். தூக்குவதற்கு முன்பே எழுதப்பட்ட விதி வேண்டும். தட்டுகளைத் தராசில் நிறுத்திப் பார்த்திருக்க வேண்டும். எங்கள் கூடத்தின் '20 கிலோ' தட்டு ஒன்று 19.4 கிலோதான் இருந்தது. 'செல்லாது' என்று சொல்லும் அதிகாரமும் துணிவும் உள்ள நடுவர் வேண்டும். பதிவேடு வேண்டும், யார் கேட்டாலும் காட்ட முடிய வேண்டும். அந்தப் பதிவேட்டை அந்த விளையாட்டின் சங்கம் ஏற்றிருக்க வேண்டும். எங்களிடம் முதல் நான்கும் ஓரளவு இருந்தன. கடைசி ஒன்று இல்லை.

ஆகவே சான்றிதழ் தரவில்லை. ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். இந்தத் தேதியில், இந்த விதிப்படி, ஒன்பது பேர் கலந்துகொண்ட போட்டியில், இத்தனை கிலோ தூக்கி முதலிடம் பெற்றார் என்று நான்கு வரி. தம்பியின் முகம் சுருங்கியது. "இதுக்கு யாரு சார் புள்ளி கொடுப்பா?" என்றான். தெரியாது என்றேன். ஆனால் நேர்முகத் தேர்வில் யாராவது "இது என்ன?" என்று கேட்டால், கடிதத்தில் இருக்கும் ஒவ்வொரு சொல்லையும் அவனால் தைரியமாக விளக்க முடியும். 'தேசியச் சாதனை' என்று எழுதியிருந்தால் இரண்டாவது கேள்வியிலேயே திணற வேண்டியிருக்கும்.

தசைக்கு வயதாகும்போது

இதற்கிடையில் பெரியவர் இரண்டு வாரம் கூடத்துக்கு வரவில்லை. எனக்குக் கவலை வேறு விதத்தில் இருந்தது. கோபத்தைவிட, அவர் பயிற்சியையே விட்டுவிடுவாரோ என்பதுதான் பயம்.

முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு ஏறக்குறைய 3 முதல் 8 விழுக்காடு வரை தசை குறைகிறது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. அறுபதுக்குப் பிறகு வேகம் கூடும். தசையின் அளவைவிட அதன் வலு இன்னும் வேகமாகக் குறையும். சட்டென்று இயங்கும் திறன் அதைவிட வேகமாகக் குறையும். காரணம், விரைந்து சுருங்கும் தசைநார்கள்தான் முதலில் மெலிகின்றன. படியில் கால் தடுக்கினால் உடனே சுதாரித்துக்கொள்ள உதவுபவை அவைதான். வயதானவர்கள் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நல்ல செய்தியும் உண்டு. 1990இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், பாஸ்டன் நகரின் முதியோர் இல்லம் ஒன்றில் 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தொண்ணூறு வயதுத் தசையும் கற்றுக்கொள்கிறது. வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கிறது. பெரியவர்களுக்கு மட்டுமல்ல, நம் எல்லாருக்கும்.

அதற்காகத் தாத்தாவை நாளையே கம்பிக்கு முன் நிறுத்திவிட வேண்டாம். முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு கனமான எடையைத் தூக்குவது ஆபத்து. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவதே நல்ல தொடக்கம். இளையர்களும் பயிற்றுநர் இல்லாமல் உச்ச எடையை முயலக்கூடாது. எங்கள் பெரியவர் அந்த 85 கிலோவுக்கு வர ஆறு ஆண்டு ஆயிற்று. வெறும் கம்பியில் தொடங்கியவர் அவர்.

மறுபடியும் 90

மூன்றாவது வாரம் அவர் வந்தார். என்னிடம் எதுவும் பேசவில்லை. வெறும் கம்பியை முழங்கை மடிப்பில் தூக்கி நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"வாத்தியாரே, சொல்லுங்க" என்றார்.

"இறக்கலாம்" என்றேன்.

இறக்கினார். மறுபடி தூக்கினார். மறுபடி காத்திருந்தார். அன்று பத்து முறை. அடுத்த நாளிலிருந்து தம்பி அவருக்கு நடுவராக நின்றான். வேண்டுமென்றே நேரம் கடத்துவான். "டேய் தம்பி, சொல்லுடா, கை போவுது!" என்று பெரியவர் கத்துவார்.

ஒரு நாள் கீழே தே தாரிக் குடிக்கும்போது அவராகவே பேச்சை எடுத்தார். "அன்னிக்கு எனக்குக் கோவம்தான் சார். தோத்ததுக்கு இல்ல. அத்தன பேரு கைதட்டினாங்க, நீங்க ஒருத்தர்தான் இல்லன்னீங்க. வீட்டுக்குப் போயி யோசிச்சேன். லோரி ஓட்டின காலத்துல சிவப்பு விளக்குல ராத்திரி மூணு மணிக்கும் நிப்பேன். ரோட்டுல ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. அதுவும் அதே மாதிரிதானே?"

ஆறு மாதம் கழித்து அடுத்த போட்டி வைத்தோம். இந்த முறை பதினான்கு பேர். மூன்று நடுவர்கள், இருவர் 'செல்லும்' என்றால் செல்லும். ஒரே ஆள் தலையில் எல்லாப் பாரமும் விழக்கூடாது என்பதை நானும் கற்றுக்கொண்டிருந்தேன். எல்லாத் தட்டுகளையும் முன்னதாகவே தராசில் நிறுத்து, உண்மையான எடையை அவற்றின் மேல் வண்ணத்தில் எழுதியிருந்தோம்.

பெரியவர் ஒரு கையால் 87.5 தூக்கினார். பிறகு செர்ச்சர் தூக்கல், 90. கம்பி ஏறியது, முட்டி நிமிர்ந்தது. கூடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. நடு நடுவராக நின்ற பெண்மணி கையை இறக்கி, "இறக்கலாம்" என்றார். அவர் இறக்கினார். மூவரும் 'செல்லும்' என்றார்கள்.

மொத்தம் 177.5. அதற்குள் அவருக்கு 64 வயது ஆகிவிட்டதால் 25 விழுக்காடு. கணக்குப் போட்டால் 221.9. தம்பி அதற்குள் வளர்ந்துவிட்டான். அவனுடைய மொத்தம் 230. மறுபடியும் அவனே முதல்.

ஏட்டில் எண்களை எழுதிக்கொண்டிருந்த என் தோளுக்கு மேலாகப் பெரியவர் எட்டிப் பார்த்தார். 90 என்ற எண்ணை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு தம்பியின் பக்கம் திரும்பினார்.

"அடுத்த வருஷம் எனக்கு இன்னும் ஒரு பர்சண்ட் ஏறும் தம்பி. பார்த்து இருந்துக்க."